முதலாளியின் நாக்கு

அத்தியாயம் 11

“கேட்டைத் திறக்க மாட்டேங்கிறாங்க” என்றாள் லோரெட்டா ஆப்பொலிஸ். “என் பீப்பாய் உள்ள இருக்கு, என் பம்பு உள்ள இருக்கு, என் ரப்பர் பூட்ஸு கூட உள்ள இருக்கு. நான் மட்டும் வெளிய நிக்கணுமாம்.”

எய்ல்ராந்த் பண்ணையின் இரும்பு கேட்டுக்கு முன்னால், செப்டம்பர் தூறலில் தலை நனைய நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா இந்தப் பண்ணையில் திராட்சை பறித்தவள். லோரெட்டா இங்கேயே கிடங்கில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்து, பத்தொன்பது தொழிலாளிக் குடும்பங்களின் சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் ஒயின் செய்தாள். போன மாதம் அவளுடைய பினோட்டாஜ் என்ற சிவப்பு ஒயினுக்குத்தான் நாட்டின் முதல் பரிசு. பரிசு அறிவித்த மறுவாரமே பண்ணை முதலாளி ஹென்னிங் ஸ்வீகர்ஸ் அவளைத் திருடி என்று பரிசுக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான்.

அவன் கதை இதுதான். போன வருஷ அறுவடைக் குழப்பத்தில், அவனுடைய பெரிய தொட்டியிலிருந்து அவள் ஒயினை இழுத்துக்கொண்டாளாம். அந்தத் தொட்டியில் மிஞ்சியதை ஒன்பதிலிருந்து பதினேழு வரை நம்பர் போட்ட ஒன்பது பீப்பாய்களில் நிரப்பி வைத்திருக்கிறானாம். அதில் பதினான்காம் நம்பர் பீப்பாயிலிருந்து கொஞ்சமும், அவள் பாட்டிலிலிருந்து கொஞ்சமும் எடுத்து சோதனைச்சாலைக்கு அனுப்பினான். இரண்டும் ஒரே ஒயின் என்று சீல் போட்ட பதில் வந்தது.

பதினொரு மணிக்குப் பரிசுக் குழு இங்கேயே கூடித் தீர்ப்புச் சொல்லப் போகிறது. திருட்டு என்று சொன்னால் பரிசு போகும். அதோடு நிலமும் போகும். அந்தத் தோட்டத்தை ஸ்வீகர்ஸின் அப்பா தொழிலாளிகளுக்கு எழுதிக் கொடுத்தபோது, மோசடி நிரூபணமானால் நிலம் பண்ணைக்கே திரும்பும் என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார். கொடுக்கும்போதே பிடுங்குவதற்கும் வழி வைத்துக் கொடுக்கிற கைகள் சில உண்டு.

“மணி என்னடா?” என்று பக்கத்தில் நின்ற உதவியாளனிடம் கேட்டாள் மெர்சியா ஃபோர்ட்டெய்ன்.

“பத்து இருபது அக்கா. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. எத்தனை பேரைத் திட்டி முடிக்கலாம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.”

“ஒருத்தனை மட்டும்தான். அவனுக்கே நாப்பது நிமிஷம் பத்தாது.”

மெர்சியா இருபத்திரண்டு வருஷம் ஸ்டெல்லன்போஷ் போலீசில் இருந்தவள். மேலதிகாரி ஒருவன் மேல் டீக்கோப்பையை வீசிவிட்டு வெளியே வந்து, சொந்தமாகத் துப்பறிகிறவள். அவள் உதவியாளன் இக்சான் சமோடீன் கேப் டவுன் முஸ்லிம். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு ஒயின் நாக்கில் பட்டதில்லை. ஒயின் வழக்குக்கு இவன் எதற்கு என்று லோரெட்டா முதல் நாளே கேட்டுவிட்டாள். எல்லாரும் குடிக்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க ஒருத்தன் வேண்டும் என்று அவனே பதில் சொன்னான்.

“உன்னோட ரெண்டாவது பீப்பாய் எப்ப ஒழுகிச்சு?” என்று மெர்சியா கேட்டாள்.

“பரிசு அறிவிச்ச வாரம், ஞாயித்துக்கிழமை. முதல் பீப்பாயைத்தான் பாட்டில்ல அடைச்சிருந்தேன். இன்னொண்ணு அப்படியே இருந்துச்சு. திங்கக்கிழமை போய்ப் பார்த்தா காலி. மரம் விரிசல் விட்டு ஒழுகிடுச்சுன்னு ஸ்வீகர்ஸ் சொன்னான். நானும் நம்பினேன். நான் முட்டாள்.”

“நீ முட்டாள் இல்ல. அவன்தான்…” மெர்சியா அந்த வாக்கியத்தை முடித்தாள். அதை இங்கே அச்சில் போட முடியாது. “உள்ள யாரைப் பார்க்கணும்?”

“அப்ராம் கீவிட்ஸை. இருபத்தாறு வருஷமா கிடங்குச் சாவி அவர்கிட்டதான். ஆனா வாயைத் திறக்க மாட்டார்க்கா. அவர் இருக்கிறது பண்ணை வீடு.”

லோரெட்டாவின் சார்பில் ஆஜராவதற்குக் குழுத் தலைவியின் கடிதம் மெர்சியாவிடம் இருந்தது. காவலாளி அதை இரண்டு முறை படித்துவிட்டு, அவர்கள் இருவரை மட்டும் விட்டான்.

* * *

கிடங்கில் அப்ராம் கீவிட்ஸ் ரப்பர் குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை தோறும் கழுவுகிற வழக்கம். நெடுநெடுவென்று உயரம். பேசுவதற்கு முன்னால் வாசலைப் பார்க்கிற மனிதர்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்றார், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே.

“நாங்க இன்னும் கேள்வியே கேக்கலையே ஐயா” என்றான் இக்சான். “சரி, தெரிஞ்சதைச் சொல்லுங்க. நேத்து என்ன கிழமை?”

“வெள்ளி.”

“வெள்ளிக்கிழமை இங்க என்ன நடக்கும்?”

அதில் ஆபத்து ஒன்றும் இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, அப்ராம் சொன்னார். வெள்ளி நாலு மணிக்கு முதலாளி கண்ணாடிக் குழாயோடு வருவார். ஒன்பதாம் நம்பரிலிருந்து பதினேழு வரைக்கும் ஒவ்வொரு பீப்பாயிலும் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பார். தான் ஒரு வாய் குடிப்பார். பிறகு கிடங்கு ஆட்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு வாய் கொடுப்பார். எப்படி இருக்கு என்று கேட்பார்.

“நீங்க என்ன சொல்லுவீங்க?”

“அருமை முதலாளின்னு சொல்லுவோம்.”

“ஒன்பது பீப்பாயும் அருமையா?”

“அருமைதான்.”

“ஆலங்கட்டி மழை பெஞ்ச வருஷம்?”

“அருமை.”

“பூசணம் புடிச்ச வருஷம்?”

“அதுவும் அருமைதான்.”

“அக்கா, என் மாமியார் செஞ்ச பிரியாணிக்கு இவரை சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தா என் கல்யாண வாழ்க்கையே வேற மாதிரி போயிருக்கும்.”

மெர்சியா சிரிக்கவில்லை. அவள் பார்வை பீப்பாய் வரிசைக்குப் பின்னால் போன சிமெண்ட் கால்வாயில் இருந்தது. குழாய்த் தண்ணீர் அதை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது.

“தண்ணியை நிறுத்துங்க” என்றாள். “உடனே.”

இக்சான் குந்தி உட்கார்ந்து பார்த்தான். ஒன்பதாம் பீப்பாய்க்குப் பின்னால் கால்வாயில் ஊதா நிறத்தில் காய்ந்த தெறிப்புகள். பத்துக்குப் பின்னாலும் அப்படியே. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, எல்லாவற்றிலும் ஐந்தாறு தெறிப்புகள். பதினான்குக்குப் பின்னால் சிமெண்ட் சுத்தமாக இருந்தது. பதினைந்தில் மறுபடி ஊதா.

“துப்பியிருக்காங்க” என்றான். அவன் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. “ஐயா, பரிசு குடுக்கிற நடுவருங்க துப்புவாங்க. அவங்களுக்கு ஒரு நாளைக்கு நூறு ஒயின். வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேலை முடிஞ்ச நேரம், ஓசியில கைக்கு வந்த ஒயினை நீங்க எதுக்குத் துப்புறீங்க? அதுவும் முதலாளி முதுகுக்குப் பின்னாடி?”

அப்ராம் வாசலைப் பார்த்தார்.

“பதிமூணுல இருந்து எனக்கு ஒரு கிளாஸ் குடுங்க” என்றாள் மெர்சியா.

அவர் தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார். மெர்சியா ஒரு வாய் வாங்கி, நாக்கில் உருட்டி, கண்ணை மூடி நின்றாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அரை நிமிஷம் போயிருக்கும். அவள் முகம் மாறியது. கால்வாயில் ஓங்கித் துப்பினாள். இக்சான் இதுவரை அவள் கோபத்தில் இருபது வகை பார்த்திருக்கிறான். இது இருபத்தொன்றாவது.

“எத்தனை நாளா இப்படி?”

“அருமையா இருக்கும்மா” என்றார் அப்ராம், தரையைப் பார்த்தபடி.

“எங்கப்பாவுக்கு இதே பண்ணையில கூலியில பாதியை ஒயினாவே ஊத்தினாங்க” என்றாள் மெர்சியா. அவள் குரல் தாழ்ந்துதான் இருந்தது. “காலையில ஒரு தகரக் குவளை, மதியம் ஒண்ணு, சாயங்காலம் ரெண்டு. ஒவ்வொண்ணுக்கும் தேங்க்ஸ் சொல்லிக் குடிச்சாரு. நாப்பத்தஞ்சு வயசுல ஈரல் வெந்து செத்தாரு. நீங்க அருமை அருமைன்னு சொல்லிட்டே சாகப் போறீங்க. வெளிய ஒருத்தி மழையில நிக்கிறா. உங்க கண்ணு முன்னாடி வளர்ந்தவ.”

இக்சானுக்கே அது அதிகம் என்று பட்டது. அந்த மனிதருக்குப் பண்ணை வீட்டை விட்டால் போக இடமில்லை. அவரைத் திட்டுவது சுலபம். அப்ராம் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். கால்வாயைக் கழுவாமலே விட்டுவிட்டுப் போனார்.

“என்ன ருசி அக்கா அது?” என்று முற்றத்தில் நடக்கும்போது இக்சான் கேட்டான்.

“நீ குடிக்கிறவனா இருந்தா சொல்லியிருப்பேன்.”

“சொல்லலைன்னா போங்க. எட்டு பீப்பாய் கெட்டுப் போச்சு, பதினாலு மட்டும் நல்லா இருக்கு. அப்ப பதினாலுல இருக்கிறது லோரெட்டாவோட ஒயின். ஒழுகிடுச்சுன்னு சொன்னானே, அந்த பீப்பாய்தான். கேஸ் முடிஞ்சது.”

“முடியலை. ஒரு தொட்டி ஒயின்ல ஒரு பீப்பாய் தேறும், எட்டு தேறாது, அது ஒயினோட குணம்னு சொல்லிட்டுப் போயிருவான். எல்லாமே ஒண்ணுன்னு அவன் வாயாலயே வரணும்.”

“கெட்டுப்போனதுன்னு தெரிஞ்சு எவனாவது அப்படிச் சொல்லுவானா?”

மெர்சியா நின்றாள். “அதுதான்டா கேள்வி. அவனுக்குத் தெரியுமா?”

* * *

ஸ்வீகர்ஸின் வீட்டுக் கூடத்தில் நடுவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவி ஆன்ஸி தெரோன் நரைத்த தலை, குறிப்பேடு, கூர்மையான மூக்கு. மற்ற இருவரில் ஒருவர் தாடிக்காரர், ஒருவர் கழுத்தில் பட்டுத்துணி கட்டியவர். மேஜையில் பாலாடைக்கட்டியும் உலர்ந்த மான் இறைச்சியும் இருந்தன. நேற்று ராத்திரி மூன்று பேரும் இந்த வீட்டில்தான் விருந்து சாப்பிட்டார்கள் என்பதை ஸ்வீகர்ஸ் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வைத்தான். தீர்ப்புச் சொல்ல வந்தவர்களுக்கு வழக்குப் போட்டவன் வீட்டுச் சாப்பாடு. இதில் ஒருத்தருக்கும் வெட்கமில்லை.

“மெர்சியாதானே நீ?” என்றான் ஸ்வீகர்ஸ். பெரிய உடம்பு, சிவந்த கழுத்து. “ஃபோர்ட்டெய்ன் பொண்ணு. உங்கப்பன் எங்கப்பாகிட்ட வேலை பார்த்தான்.”

“பார்த்தாரு, மிஸ்டர் ஸ்வீகர்ஸ். மரியாதையாப் பேச உங்களுக்கு அப்பவும் யாரும் சொல்லித் தரலை, இப்பவும் யாரும் சொல்லித் தரலைன்னு தெரியுது.”

தாடிக்காரர் இருமினார். ஆன்ஸி தெரோன் பேனாவைத் தட்டி, ஆரம்பிக்கலாம் என்றார்.

அப்ராம் வெள்ளைத் துண்டைக் கையில் போட்டுக்கொண்டு ஊற்றினார். லோரெட்டாவின் பாட்டிலிலிருந்து ஒரு கிளாஸ், பதினான்காம் பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸ். மூவரும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள், சுழற்றினார்கள், முகர்ந்தார்கள், வாயில் போட்டு உறிஞ்சினார்கள், கலயத்தில் துப்பினார்கள். பழுத்த நாவல்பழ வாசம் என்றார் ஒருவர். மழை பட்ட மண் என்றார் இன்னொருவர். ஆன்ஸி மட்டும் கொஞ்ச நேரம் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒயினை அவருக்குப் பிடித்திருந்தது என்பது இக்சானுக்கே தெரிந்தது.

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றார்.

“ஒத்துக்கிறேன்” என்றாள் மெர்சியா.

ஸ்வீகர்ஸ் இதை எதிர்பார்க்கவில்லை. சந்தோஷத்தில் நாற்காலியைப் பின்னால் சாய்த்தான்.

“ஒரே ஒரு சந்தேகம்” என்றாள் மெர்சியா. “ஒன்பது பீப்பாயும் ஒரே தொட்டியில இருந்து வந்ததா?”

“ஒரே தொட்டி. ஒரே சரிவு. ஒரே நாள் பறிச்சது, போன வருஷம் பிப்ரவரி இருபத்திரண்டு. கிடங்கு நோட்டுல இருக்கு, எடுத்துப் பாரு. ஒன்பதும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க.”

“ருசியும் ஒண்ணா?”

“ஒவ்வொரு வெள்ளியும் நானே பார்க்கிறேன். எனக்கு இதுல ஆள் தேவையில்லை. வெச்சிருந்த ஒயின்மேக்கரும் போன வருஷம் நியூஸிலாந்துக்கு ஓடிட்டான்.”

“அப்ப பதிமூணைக் கொண்டு வரச் சொல்லலாமா?”

“தாராளமா. அப்ராம், பதிமூணு கொண்டா. பெருமையாச் சொல்றேன், தாராளமா.”

அப்ராம் போய்க் கொண்டுவந்தார். ஊற்றுவதற்கு முன்னால் அவர் ஒரு முறை வாசலைப் பார்த்ததை இக்சான் கவனித்தான். குடிக்காதவன் செய்ய வேண்டிய வேலை அதுதான், பார்ப்பது. மூன்று நடுவர்களும் வாயில் போட்டார்கள், துப்பினார்கள். எழுதக் குனிந்தார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக நடந்தது. பட்டுத்துணிக்காரரின் பேனா நின்றது. தாடிக்காரர் தண்ணீர் டம்ளரை எட்டி எடுத்தார். ஆன்ஸி தெரோன் நாக்கை மேலண்ணத்தில் தேய்த்தார், மறுபடியும் தேய்த்தார்.

ஸ்வீகர்ஸ் தன் கிளாசை ஒரே மடக்கில் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தான். “பார்த்தீங்களா? அதே ஒயின்.”

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சுவாரஸ்யமா இருக்கு” என்றார் தாடிக்காரர் கடைசியில்.

“கொஞ்சம் சிக்கலான ஒயின்” என்றார் பட்டுத்துணிக்காரர். “இன்னும் ரெண்டு வருஷம் வெச்சா…”

மெர்சியா மேஜையில் ஓங்கி அடித்தாள். துப்பும் கலயம் துள்ளியது.

“உங்க நாக்குல பட்டதைச் சொல்றதுக்கு இன்னும் எத்தனை பட்டம் வாங்கணும் நீங்க? ஒரு வேளை சோறு போட்டுட்டான்னு வாயைக் கட்டிக்கிட்டீங்களா? பத்தொன்பது குடும்பம் உங்க நாக்கை நம்பி உட்கார்ந்திருக்கு. மான் கறி நல்லா இருந்துச்சுன்னா அதைத் தனியா எழுதுங்க. இந்த கிளாஸ்ல என்ன இருக்குன்னு சொல்லுங்க.”

“இவளை வெளிய போகச் சொல்லுங்க” என்றான் ஸ்வீகர்ஸ். “குடிக்கத் தெரியாத ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து எனக்கு ருசி சொல்லிக் குடுக்கிறாளா? என் கிடங்கு ஆளுங்களுக்கே தெரியும். அப்ராம், நீ சொல்லுடா. பதிமூணு எப்படி?”

அப்ராம் கீவிட்ஸ் கையிலிருந்த துண்டை மடித்தார். இன்னும் ஒரு மடிப்பு மடித்து மேஜை மேல் வைத்தார். வாசல் பக்கம் அவர் பார்க்கவில்லை.

“சாம்பல், முதலாளி.”

“என்னது?”

“சாம்பல் ருசி. வாயில போட்டப்ப தெரியாது. முழுங்கினப்புறம் அடுப்புச் சாம்பலை நக்கின மாதிரி ஏறும். மலை எரிஞ்ச வருஷத்துல இருந்து இப்படித்தான். ஒன்பது பீப்பாயும். மூணு வாரமாத்தான் பதினாலு மட்டும் நல்லா இருக்கு. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை கிடங்குச் சாவியை நீங்க வாங்கி வெச்சுக்கிட்டு என்னை வர வேண்டாம்னு சொன்னீங்க.”

ஆன்ஸி தெரோன் குறிப்பேட்டை மூடினார். அவர் முகம் சிவந்திருந்தது. “சாம்பல்தான்” என்றார். “முதல் வாயிலயே தெரிஞ்சது எனக்கு. புகை குடிச்ச திராட்சை. எச்சில் பட்டு ஊறினாத்தான் வெளிய வரும். நான் உடனே சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருக்கணும்” என்றாள் மெர்சியா, கொஞ்சமும் இறங்காமல். பிறகு ஸ்வீகர்ஸ் பக்கம் திரும்பினாள். “போன வருஷம் பிப்ரவரி பதினொண்ணு உங்க சரிவுக்கு மேல மலை பத்திக்கிச்சு. ஒன்பது நாள் எரிஞ்சது. புகை முழுக்க உங்க திராட்சையில இறங்கிச்சு. இருபத்திரண்டாம் தேதி பறிச்சதா நீங்களே இப்ப சொன்னீங்க. லோரெட்டாவோட தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம். அவ பறிச்சு முடிச்சது அஞ்சாம் தேதி, தீக்கு ஆறு நாள் முன்னாடி. உங்க தொட்டியில இருந்து அவ திருடியிருந்தா அவ பாட்டில்ல சாம்பல் இருக்கணும். இல்ல. பதினாலுலயும் இல்ல. அந்த ஞாயித்துக்கிழமை பதினாலுல இருந்த உங்க ஒயினைக் கால்வாயில ஊத்திட்டு, அவ பீப்பாயை அதுல கவுத்து வெச்சீங்க. சோதனைச்சாலைகிட்ட ரெண்டும் ஒண்ணான்னு மட்டும் கேட்டீங்க. ஒண்ணுதான். ரெண்டுமே அவளோடது.”

“பொய். எனக்கு அந்த ருசியே…”

“வராது. நாலு பேர்ல ஒருத்தருக்கு அந்தச் சாம்பல் நாக்குக்குத் தெரியாது, பிறவியிலயே. அது உங்க தப்பில்ல. ஆனா ஒன்றரை வருஷமா வெள்ளிக்கு வெள்ளி ஆறு பேர் உங்க முதுகுக்குப் பின்னாடி துப்பியிருக்காங்க. ஒருத்தன் கூட உங்ககிட்ட உண்மையைச் சொல்ல முடியாத மாதிரி வெச்சிருந்தீங்க பாருங்க, அது உங்க தப்பு. யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா, சுத்தமான ஒயினைக் காட்டி என் மலைச்சரிவுல விளைஞ்சதுன்னு சத்தியம் பண்ணியிருக்க மாட்டீங்க.”

ஆன்ஸி தெரோன் நின்றபடியே தீர்ப்பை எழுதினார். புகார் தள்ளுபடி, பரிசு லோரெட்டா ஆப்பொலிஸுக்கே, பதினான்காம் பீப்பாய்க்கு இப்போதே சீல், போலீசுக்குக் கடிதம். மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நிலம் பத்தொன்பது குடும்பங்களிடம்தான் இருக்கும்.

ஸ்வீகர்ஸ் அதைக் கவனிக்கவே இல்லை. பதின்மூன்றாம் பீப்பாய் ஒயினை மறுபடி ஊற்றி, ஒரு வாய் வைத்துக்கொண்டு காத்திருந்தான். இன்னொரு வாய். ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்தான். அவன் நாக்கில் எதுவும் ஏறவில்லை. இக்சானுக்கு ஒரு விநாடி பரிதாபம் வரப் பார்த்தது. அதை வரவிடவில்லை.

“ஒன்றரை வருஷமா என்னைக் கேலி பண்ணியிருக்கீங்க” என்றான் ஸ்வீகர்ஸ், அப்ராமிடம். கிளாசை மேஜையில் வைத்த வேகத்தில் ஒயின் விரிப்பில் சிந்தியது. “என் வீட்டுல படுத்துக்கிட்டு, என் ஒயினைக் குடிச்சுக்கிட்டு. மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிரு. நீயும் உன் பொண்டாட்டியும்.”

மெர்சியா வாயைத் திறந்தாள். இக்சான் அவள் முழங்கையைப் பிடித்தான். அப்ராம் பேசுவதற்காக மூச்சு இழுப்பதை அவன் பார்த்துவிட்டான்.

“கோர்ட்டு உத்தரவோட வாங்க, மிஸ்டர் ஸ்வீகர்ஸ்” என்றார் அப்ராம் கீவிட்ஸ்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் அந்த மனிதனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கிடங்குச் சாவியை ஆன்ஸி தெரோனிடம் கொடுத்துவிட்டு, லோரெட்டாவுக்குக் கேட்டைத் திறந்துவிட மழையில் இறங்கிப் போனார்.